சிறகில் ஒரு தேக்குத் துண்டு

காது மடலில் தவிடு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ரங்கூனில் பசுண்டவுங் கால்வாயோரத்து அரிசி ஆலையிலிருந்து விடிந்ததும் புறப்பட்டவன், நடுப்பகல் வரை புரோம் சாலையில் வடக்கே நடந்துகொண்டிருந்தேன். யாரோடும் சண்டையில்லை. மேஸ்திரி என்னைத் துரத்தவும் இல்லை. இரண்டு வருடம் மூட்டை சுமந்தாயிற்று, இருமினால் தவிடு வருகிறது, போதும் என்று தோன்றியது. கைலியையும் போர்வையையும் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது இருக்கலாம். அதற்குள் கப்பலில் கரி அள்ளுவது, டிராம் பாதைக்குக் கல் உடைப்பது என்று ஏழெட்டு வேலைகளிலிருந்து இப்படித்தான் கிளம்பியிருக்கிறேன். ஏன் வடக்கே நடந்தாய் என்று கேட்டால், தெற்கே ஆறு இருந்தது என்பதுதான் பதில்.

மிங்கலாடோனுக்குப் பிரியும் வழியில் இரண்டு மாட்டு வண்டிகள் நின்றன. மழை ஓய்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. சாலையோரம் இன்னும் காயவில்லை. முன் வண்டியில் ஆள் படுக்கிற நீளத்தைவிட மூன்று மடங்கு நீளமான மரப்பெட்டி. பின் வண்டியில் துணி போர்த்திய ஓர் உடம்பு, பெரிய மீன் மாதிரி, வால் பக்கம் சிறுத்துக்கொண்டே போனது. அந்த வண்டியின் சக்கரம் அச்சு வரை சேற்றில் இறங்கியிருந்தது. பர்மிய வண்டிக்காரர்கள் வெற்றிலை மென்றுகொண்டு நிற்க, கறுத்த, குட்டையான ஒரு மனிதர் மட்டும் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஏ, தமிழ் ஆளா நீ? வேடிக்கை பாக்குறியே, வந்து கை குடு."

"என்ன அண்ணே இது, படகா?"

"படகுக்கு மூக்குல விசிறி இருக்குமா? தள்ளு. துணியில கை வெக்காத, கட்டை எங்க இருக்குன்னு பாத்துப் புடி. நீ ஓட்டை போட்டா அதுக்கும் நான்தான் ஒட்டுப் போடணும்."

தள்ளினேன். சக்கரம் ஏறியது. அவர் என் கையைப் பார்த்தார், சுருட்டிய போர்வையைப் பார்த்தார், எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. "அடுத்த பள்ளத்துக்கும் ஆள் வேணும்" என்றார். அப்படியே பதினொரு மாதம் அவரோடு இருந்துவிட்டேன்.

அவர் நாகப்பட்டணத்துக்காரர். அங்கே ரயில் பட்டறையில் அரம் பிடிக்கக் கற்றவர். முதல் உலகச் சண்டைக் காலத்தில் பாஸ்ராவுக்குப் போய், பட்டாளத்து விமானங்களுக்கு ஃபிட்டராக இருந்தவர். விமானத்தின் சொந்தக்காரர் ஒரு வெள்ளைக்காரத் துரை, ஒல்லி, முப்பது வயதுக்குள். அவரும் சண்டையில் பறந்தவர்தான், வேறு தேசத்தில், வேறு விமானத்தில். சண்டை முடிந்ததும் கராச்சியில் பட்டாளம் கழித்துப்போட்ட சாமான்களோடு இதை வாங்கினார். பாஸ்ராவிலிருந்து இதோடு கூடவே வந்திருந்த ஃபிட்டரும் சேர்ந்துகொண்டார். ஊர் ஊராகப் போய்ப் பறந்து காட்டுவது என்பது துரையின் திட்டம்.

அந்தத் திட்டத்தில் ஒரு குறை இருந்தது. அது சண்டை விமானம், இருக்கை ஒன்றுதான். வேடிக்கை பார்க்க ரங்கூனே திரண்டு வரும். பந்தய மைதானத்தில் துரை தலைகீழாகப் புரளும்போது ஜனங்கள் மூச்சை அடக்கிக்கொள்வார்கள், பர்மியப் பெண்கள் கைகூப்புவார்கள், லத்தாவிலிருந்து வந்த சீனக் கடைக்காரர்கள் பெட்டிகளின்மேல் ஏறி நின்று சிரிப்பார்கள். ஆனால் வசதியுள்ளவர்களுக்கு வேண்டியது ஏறிப் பறப்பது. "எங்கே உட்காருவது?" என்று ஒவ்வொருவரும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்ப்பார்கள். ஃபிட்டர் தமிழில், "துரை மடியில குந்திக்கோ" என்பார், முகத்தில் மரியாதை மாறாமல்.

சிறிய விமானம். உடம்பின் இரு பக்கமும் ஒவ்வொரு சிறகு, மரச்சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய லினன் துணி. வலது சிறகு உடம்போடு சேரும் இடத்தில், கீழே பார்ப்பதற்கென்று சன்னல் மாதிரி ஒரு திறப்பு. துப்பாக்கி இருந்த இடத்தில் ஆணித் துளைகள் மட்டும் மிச்சம். விசிறி சுற்றினால் எஞ்சினும் அதோடு சேர்ந்து சுற்றும். நான் முதலில் நம்பவில்லை. பார்த்த பிறகும் இரண்டு நாள் நம்பவில்லை. அந்த எஞ்சினுக்கு எண்ணெய், நம் ஊர் விளக்கெண்ணெய். குடித்ததில் பாதியை அது காற்றில் துப்பும், துப்பியது பின்னால் இருக்கும் துரையின் முகத்தில் விழும். மூன்று சுற்று அதிகமாகப் பறந்துவிட்டால், இறங்கியதும் துரை கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் புதர்ப் பக்கம் ஓடுவார்.

"ஆகாசத்துல போனாலும் வயித்துக்கு ஒரே வைத்தியம்தான்" என்பார் ஃபிட்டர்.

எனக்கு வேலை வாலில். எஞ்சின் முறுக்கேறும் வரை வாலின்மேல் குப்புறப் படுத்து அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். துரை கையைக் காட்டியதும் உருண்டு விலக வேண்டும். இரண்டு தடவை விலகத் தாமதித்து முழங்கைத் தோல் போயிற்று. மற்றபடி எண்ணெய் துடைப்பது, தண்ணீர் சுமப்பது, மாடுகளை விரட்டுவது. அரிசி ஆலைக்கு அது எவ்வளவோ மேல். நெஞ்சில் இருமல் நின்றது.

கோடை முடியும்போது துரைக்கு வீட்டிலிருந்து கடிதம் வந்தது. அதற்குள் எஞ்சினும் தேய்ந்திருந்தது. மாற்றுச் சாமான் எங்கும் இல்லை. மழை தொடங்குவதற்கு முந்தின வாரம் கடைசியாக ஒருமுறை பறந்து இறங்கி, சிறகைத் தட்டிக்கொடுத்து, இனி போதும் என்றார். மழை விட்டதும் விமானத்தை யாருக்காவது விற்றுவிட்டுக் கப்பலேறப் போவதாகச் சொன்னார்.

எனக்கு அதில் ஒன்றும் இல்லை. இன்னொரு சாலை இருக்கும். ஃபிட்டருக்கு அப்படி இல்லை. இன்செயினில் அவருக்கு ஒரு பர்மிய மனைவி இருந்தாள், ரயில் பட்டறை வாசலில் மொஹிங்கா என்ற மீன்சாற்றுச் சேமியா விற்பவள். அவள் வயிற்றில் இரண்டு மாதம். அந்தப் பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்தால் லைன் வீடு உண்டு. பிள்ளை ஒரு கூரைக்கடியில் பிறக்கும், அப்பனும் அங்கேயே இருப்பான். அவர் போய்க் கேட்டார். போர்மன், "எல்லாரும் ஃபிட்டர்னுதான் சொல்றாங்க. சர்க்கார் காகிதம் இருக்கா?" என்றாராம்.

காகிதம் இருந்தது, பாஸ்ராவில் ஆற்றுக்கடியில். படகு கவிழ்ந்து டிரங்குப் பெட்டியோடு போனது. மூன்று முறை எழுதிப்போட்டும் பதில் இல்லை. துரை தன் கையால் நற்சான்றாக ஒரு சிட்டு எழுதிக் கொடுத்தார். போர்மன் அதைப் படிக்காமலே திருப்பிக் கொடுத்தார். துரைமார் சிட்டு பஜாரில் காசுக்குக் கைமாறுவது ரங்கூனில் எல்லாருக்கும் தெரியும்.

"நான் அங்க வேலை செஞ்சதுக்கு சாட்சி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு" என்றார் ஃபிட்டர் ஒரு நாள், மழையைப் பார்த்துக்கொண்டு. "இதோட சாதகம்."

விமானத்துக்கு ஒரு பதிவுப் புத்தகம் உண்டு. தடித்த அட்டை. பிறந்த நாளிலிருந்து எங்கே போனது, எத்தனை நாழிகை பறந்தது, என்ன உடைந்தது, யார் சரி செய்தார் என்று ஒவ்வொன்றும் எழுதி ஒப்பமிட்டிருக்கும். அதைத்தான் சாதகம் என்றார். ஒப்பமிடுவது வெள்ளைக்கார சார்ஜென்ட்டின் வேலை. ஆனால் சார்ஜென்ட் காய்ச்சலில் படுத்த நாட்களில் மூன்று தடவை தாம் போட்டதாக அவருக்கு ஞாபகம். எந்தப் பக்கம் என்று தெரியாது. அவருக்கு இங்கிலீஷில் தம் பெயரும் கருவிகளின் பெயரும்தான் எழுத வரும்.

நான் மூன்று வருடம் மிஷன் பள்ளிக்கூடத்தில் இருந்தவன். எழுத்துக் கூட்டுவேன், பொருள் பாதி தெரியாது. அந்த மழைக்காலத்தில் மிங்கலாடோனில் சிறகு வந்த பெட்டியைப் படுக்கையாக்கிக்கொண்டு அதற்குள்தான் இருந்தேன். வெளியே தார்ப்பாய்க் கொட்டகையில் விமானம். பகலெல்லாம் பெட்டி விளிம்பில் உட்கார்ந்து நான் எழுத்துக் கூட்ட, அவர் விஷயம் சொல்வார். அவர் கையெழுத்தைத் தேடப் போய் விமானத்தின் ஆயுசையே படித்தோம்.

பிறந்தது இங்கிலாந்தில் ஒரு தொழிற்சாலையில். முதல் நாள் இருபது நிமிடம் பறந்தது. நன்றாகப் பறந்தது, ஆனால் இறங்கும்போது வேகம் அதிகம் என்று பட்டாளத்து மேலதிகாரிகள் முடிவு செய்து பிரான்சுப் போர்முனைக்கு அனுப்பவில்லை. பெட்டியில் கட்டி எகிப்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஆறு மாதம் மணலில் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. "என் மாதிரிதான்" என்றேன். "நீ எங்கடா ஒரு எடத்துல ஆறு மாசம் சும்மா கெடந்த?" என்றார் அவர்.

பிறகு பாஸ்ரா. பெட்டியைத் திறந்தபோது சிறகுச் சட்டம் வெயிலில் சுருங்கிக் கிடந்ததாம். புத்தகத்தில், 'கம்பிகள் திரும்பக் கட்டப்பட்டன' என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு ஒன்பது நாள் ஆயிற்று என்றார். வெயில் ஏறினால் எஞ்சின் கொதிக்கும் என்பதால் விடியலிலும் மாலையிலும் மட்டும் பறந்தது. 'ஒரு மணி நாற்பது நிமிடம். துப்பாக்கி சிக்கியது' என்று படித்தேன். அன்று எதிரி விமானம் ஒன்று பின்னாலேயே வந்ததையும், சுட முடியாத விமானி ஆற்று மட்டத்துக்குத் தாழ்ந்து பேரீச்ச மரங்களுக்கிடையே ஓட்டி வந்து சேர்ந்ததையும், சக்கரத்தில் ஓலை சிக்கியிருந்ததையும் அவர் சொன்னார். 'துணியில் பதின்மூன்று ஒட்டு' என்று படித்தேன். தரையிலிருந்து துப்பாக்கியால் சுட்டவை அவை. பதின்மூன்றும் அவர் தைத்தவை. எழுந்து போய்ச் சிறகைத் தடவி ஒவ்வொன்றாகக் காட்டினார். சூழப்பட்டிருந்த ஒரு பட்டாளத்துக்கு மருந்து மூட்டை போட்டுவிட்டு வந்ததும் இதே விமானம்தான். புத்தகத்தில் அதற்கு நேரம் மட்டும் இருக்கிறது.

முதல் இரண்டு ஒப்பத்தையும் ஆனி மாதத்தில் கண்டுபிடித்தோம். பெயரின் முதல் எழுத்துகள் மட்டும். அது யாருடையதாகவும் இருக்கலாம். மூன்றாவதைப் பார்க்க ஆவணி வந்துவிட்டது. கரடுமுரடான தரையில் இறங்கி இடது சிறகின் விலா எலும்பு ஒன்று உடைந்திருக்கிறது. மாற்ற மரம் இல்லை. ரங்கூனிலிருந்து ஏதோ சாமான் வந்த தேக்குப் பெட்டியை உடைத்து, பலகையைச் சீவி விலா செய்து பொருத்தியிருக்கிறார். 'ஒரு விலா, தேக்கு' என்று எழுதி, கீழே முழுப் பெயர், பக்கத்தில் 'ஃபிட்டர்' என்ற சொல், அதன்மேல் பட்டாளத்தின் வட்ட முத்திரை. எச்சில் தொட்டு எழுதினால் ஊதாவாகும் பென்சிலால் எழுதியது. அத்தனை வருடத்துக்குப் பிறகும் பளிச்சென்று இருந்தது. எதிர்ப் பக்கம் வெறுமையாக இருந்தது.

அவர் தம் பெயரை விரலால் தொடாமல், சற்று மேலே காற்றில் தடவினார். "இது போதும்டா" என்றார்.

புரட்டாசியில் விமானத்துக்கு ஆள் கிடைத்தது. பர்மியர் ஒருவர், பகோடாத் திருவிழாக்களில் கூத்துக்கொட்டகை போடுபவர். உண்மையான சண்டை விமானத்தைக் கொட்டகை வாசலில் நிறுத்திவைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அது உண்மையானது என்று ஜனங்களுக்குக் காட்டப் புத்தகமும் வேண்டும் என்று சொல்லியிருந்தார். விஜயதசமியன்று மாலையில் வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அன்று காலையில் புத்தகத்தை இன்செயினுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, மாலைக்குள் திரும்பி வர ஃபிட்டருக்குத் துரை அனுமதி கொடுத்தார்.

முதல் நாள் ஆயுத பூசை. நாங்கள் இருவரும்தான், ஆனாலும் குறையில்லாமல் செய்தோம். விசிறிக்குச் சந்தனம் குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், வாசலில் பூசணிக்காய். துரை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். ஃபிட்டர் கருவிகளை அடுக்கிவிட்டு, "புத்தகத்தையும் வெச்சுப் பொட்டு வெச்சிரு" என்று சொல்லிவிட்டுச் சூடம் தேடிப் போனார்.

எனக்கு அட்டையில் மட்டும் பொட்டு வைக்க மனம் வரவில்லை. எந்தப் பக்கத்துக்காக இந்தப் பூசையே நடக்கிறதோ அந்தப் பக்கத்தை விட்டுவிடுவதா? திறந்தேன். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினேன். மாவிலையால் மஞ்சள் தண்ணீரைத் தொட்டு அந்த வரிகளின்மேல் மூன்று தடவை தெளித்தேன். மூடினேன். வழக்கப்படி மேலே சம்மட்டியையும் ஸ்பானர் பெட்டியையும் ஏற்றிவைத்தேன். பூசையில் வைத்ததை மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது. யாரும் தொடவில்லை.

விஜயதசமி காலையில் குளித்துவிட்டு வந்து அவர் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "நீதான் படிக்கணும். அந்த வரியைப் படி, கெளம்பலாம்" என்றார். திறந்தேன். எழுத்து இருந்த இடத்தில் ஊதாக் குளம். பதற்றத்தில் தோள் துண்டால் துடைத்தேன். ஊதாவும் மஞ்சளும் சேர்ந்து, அவர் பெயர் பக்கத்தின் ஓரம் வரை இழுபட்டது.

"தொடாத" என்றார். அதற்குள் முடிந்துவிட்டது.

புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "மஞ்சத் தண்ணி தெளிச்சியா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே."

"மூலைக்கு மூலை தடவினியா?"

"தடவினேன்."

"வெயிட்டும் வெச்சியா?"

"வெச்சேன்."

"ஒரு கொறையும் வெக்கல" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை. போகவேண்டாம் என்றுதான் அவர் முதலில் சொன்னார். அந்த இரண்டு ஒப்பமாவது இருக்கிறதே, முத்திரையின் பாதி வட்டம் தெரிகிறதே என்று நான் விடவில்லை. கடைசியில், பெண்டாட்டி சோறு வைத்துக் காத்திருப்பாள் என்பதற்காகக் கிளம்பினார். புத்தகத்தை என் கையில் கொடுக்கவில்லை. இன்செயின் வரை அவர் முன்னால், நான் இருபது அடி பின்னால்.

அவள் எங்கள் முகத்தைப் பார்த்து, புத்தகத்தைப் பார்த்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கலாக்கள் எதைப் பார்த்தாலும் மஞ்சள் பூசுவீர்கள். பிள்ளை பிறந்தால் உன் தம்பியை எட்ட நிற்கச் சொல்" என்றாள் பர்மிய மொழியில். கலா என்றால் அங்கே இந்தியாக்காரன். பிறகு இருவருக்கும் மொஹிங்கா ஊற்றி, எனக்கு ஒரு முட்டை அதிகமாக வைத்தாள். அதைச் சாப்பிடுவது கஷ்டமாக இருந்தது, சாப்பிட்டேன்.

திருநாள் என்பதால் பட்டறையில் கூலிகளில் பாதிப் பேர் இல்லை. போர்மன் சட்டைக்காரர், பாதி வெள்ளைக்காரர், பெரம்பூரில் வளர்ந்தவர். வேலையில்லாமல் உட்கார்ந்திருந்ததால் எங்களை உள்ளே விட்டார். மஞ்சள் மூலைகளைப் பார்த்தார்.

"என்னா மேன் இது, கல்யாணப் பத்திரிகையா?"

நான் நடந்ததைச் சொன்னேன். என்மேல்தான் தவறு என்றும் சொன்னேன். போர்மன் அழிந்த பக்கத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மூடப்போனவர் நிறுத்தினார். எதிர்ப் பக்கத்தை விரலால் தூக்கி வெளிச்சத்துக்குக் காட்டினார். நாங்கள் வெறுமையாக விட்ட அந்தப் பக்கத்தில் ஊதா எழுத்துகள், எல்லாம் தலைமாறி வலமிருந்து இடமாக. காலையிலிருந்து நாங்கள் பார்த்தது பாழான பக்கத்தை மட்டும்தான்.

"எத்தனை நேரம் வெயிட் வெச்சே?" என்று என்னைக் கேட்டார்.

"நேத்து மத்தியானத்துலேர்ந்து இன்னிக்குக் காலை மட்டும், சார்."

"எங்க ஆபீஸ்லே லெட்டருக்குக் காப்பி இப்டித்தான் எடுக்கறான் மேன். ஈரம் பண்ணி பிரஸ்ஸுலே போட்டு அமுக்குவான். நீ சாமி பேரைச் சொல்லி அமுக்கியிருக்கே."

சுவரில் தொங்கிய சவரக் கண்ணாடியை எடுத்துவந்து பக்கத்தின் முன் நிறுத்தினார். கண்ணாடிக்குள் நேராக வந்தது: ஒரு விலா, தேக்கு. பெயர். ஃபிட்டர். வட்ட முத்திரை முழுசாக. நான் துடைத்ததெல்லாம் இந்தப் பக்கம். அந்தப் பக்கத்தை என் துண்டு தொடவே இல்லை.

போர்மன் ஒரு தாளைத் தள்ளிக் கையெழுத்துப் போடச் சொன்னார். ஃபிட்டர் மெல்ல எழுதினார், எழுத்து அதே எழுத்து. "கையெழுத்து சரி. கை எப்டி?" என்று ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்தார். ஃபிட்டர் அரத்தை எடுத்து நாலு இழுப்பில் மட்டமாக்கினார். போர்மன் துண்டை ஓரக்கண்ணால் மட்டம் பார்த்தார். "நாளைக்குக் காலைலே சங்கு ஊதறப்போ வா. பெரிய துரை மலைக்குப் போயிருக்கார், வர ஒரு மாசம் ஆவும். அவர் பாத்துக் கையெழுத்துப் போடற வரைக்கும் இந்தப் புக் இங்கேதான்."

ஃபிட்டரின் முகம் விழுந்தது. "சாயங்காலம் இது வேற ஆள் கைக்குப் போவணும், சார்."

"புக் இல்லேன்னா நீயும் இல்லே."

அவர் என்னைப் பார்த்தார். காலையிலிருந்து அப்போதுதான் பார்த்தார். "புத்தகம் இருக்கட்டும்ணே, அங்க நான் பாத்துக்கறேன்" என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது. நான்கு மைல் நடக்க வேண்டியிருந்தது. அதற்குள் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

கூத்துக்கொட்டகைக்காரர் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். பட்டுத் தலைப்பாகை, பெரிய உடம்பு, வாயில் நீளச் சுருட்டு. புத்தகம் இல்லை என்று தெரிந்ததும் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். துரையின் கழுத்து சிவந்தது. ஃபிட்டர் வாயைத் திறப்பதற்குள் நான் முன்னால் போனேன்.

"சயா, புத்தகம் ஒரு மாதத்தில் வரும். அதில் இருப்பதெல்லாம் என்னிடம் இருக்கிறது" என்றேன் மரியாதையாக, கூலிக்காரனின் பர்மிய மொழியில்.

"உன்னிடமா? எங்கே, மடியிலா?"

கூட வந்த வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். நான் மூக்கிலிருந்து தொடங்கினேன். இருபது நிமிடம் பறந்த முதல் நாள், எகிப்து மணல், ஒன்பது நாள் கம்பி கட்டியது, சிக்கிய துப்பாக்கி, சக்கரத்தில் பேரீச்ச ஓலை. ஒவ்வொன்றுக்கும் அந்தந்த இடத்தில் கையை வைத்துக் காட்டிக்கொண்டே நடந்தேன். பதின்மூன்று ஒட்டையும் எண்ணினேன். மருந்து மூட்டை போட்ட இடம் வந்தபோது வண்டிக்காரர்கள் சிரிக்கவில்லை. இடது சிறகுக்கு வந்ததும் நின்றேன்.

"சயா, இதற்குள் ஒரு விலா பர்மாத் தேக்கு."

அவர் அருகில் வந்தார். நான் காட்டிய இடத்தில் விரல் முட்டியால் மெல்லத் தட்டினார், பக்கத்து விலாவையும் தட்டினார். சத்தம் வேறாக இருந்தது. "இது எப்படி அங்கே போனது?" என்றார். "ரங்கூனிலிருந்து போன பெட்டி. இவர்தான் சீவிப் பொருத்தியவர்" என்று ஃபிட்டரைக் காட்டினேன். அவர் ஃபிட்டரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, தலையசைத்து, சுருட்டைத் திரும்ப வாயில் வைத்தார்.

"நான் கேட்டது புத்தகம். இது நடந்து வருகிறது, பேசுகிறது, சோறும் தின்னும்" என்றார் துரையிடம். "பரவாயில்லை. புத்தகம் வரும்போது வரட்டும். இவனை விமானத்தோடு அனுப்புங்கள்."

அனுப்புவதற்கு நான் துரையின் சாமான் இல்லை என்று சொல்லலாம் என்று பார்த்தேன். ஆனால் எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

மறுநாள் காலை அதே இரண்டு வண்டிகள். சிறகுப் பெட்டியிலிருந்து என் போர்வையை எடுத்துவிட்டுச் சிறகுகளை வைத்தோம். ஹ்லைங் ஆற்றில் படகு காத்திருந்தது. அங்கிருந்து மேற்கே, வடக்கே, திருவிழா எங்கெங்கே உண்டோ அங்கெல்லாம். ஆற்றுக்குப் போகும் வழி இன்செயின் வழி. பட்டறை வாசலுக்கு வந்தபோது சங்கு ஊதி அடங்கியிருந்தது. ஃபிட்டர் உள்ளே போய்விட்டிருந்தார். அவர் மனைவி அடுப்பிலிருந்து நிமிர்ந்து, அகப்பையை ஆட்டினாள். "உள்ளே போனார், சட்டை போட்டுக்கொண்டு!" என்று கத்தினாள்.

தாமதமாக வந்த கூலிகள் நாலைந்து பேர் வண்டியைச் சுற்றிக்கொண்டார்கள். எல்லாரும் நம் ஆட்கள். ஒருவன், "என்னய்யா இது, படகா?" என்று கேட்டான்.

கொட்டகைக்காரர் முன் வண்டியிலிருந்து திரும்பி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் போர்வையை வண்டியில் போட்டுவிட்டு, விமானத்தின் மூக்கில் கையை வைத்து, முதல் நாள் இருபது நிமிடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.